பித்தப்பையை எடுத்த பிறகும் ‘பத்து’ இருக்குமா?

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், கடைசி சில வருஷம் செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினார். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். போன வருஷம் பித்தப்பையில் கல் என்று சொல்லி, வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு பையையே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

14 மாதம் கழித்து மறுபடியும் வலி. வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுப் பக்கம் போகிறது. பசியாறி ஒரு மணி நேரத்தில் வரும், அரை நாள் இருக்கும், தானாகப் போய்விடும். பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பித்தப்பை இல்லாதவருக்குப் பித்தக்கல் வராது, இது கேஸ்ட்ரிக் என்று மூன்று வாரம் மருந்து கொடுத்தார்கள். அப்புறம் கோவில் திருவிழாவில் சித்திதான் பார்த்துவிட்டுக் கேட்டார், அக்காவுக்கு ஏன் கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று. நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை போல. சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி போவதை அம்மா யாரிடமும் சொல்லவே இல்லை.

அரசாங்க மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் சின்னப் பையன், மலாய்க்காரர், பொறுமையானவர். “மசி அடா பத்து” என்றார். அம்மாவுக்கு அரைகுறை மலாய்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் பத்து இருக்காம்டி, ஒண்ணு ரெண்டு இல்ல” என்றார். கல்லுக்கு மலாயில் பத்து என்று விளக்கினேன். சிரித்தோம், அப்புறம் வெளியே வந்து நான் அழுதேன்.

கல் இருப்பது பித்தநாளத்தில், அதாவது குழாயில். ஈப்போவுக்கு அனுப்பி ஈ.ஆர்.சி.பி. செய்ய வேண்டும், வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்கள் என்றார். தேதி அடுத்த வாரம். பையே இல்லாதபோது கல் எங்கிருந்து வந்தது? இது இன்னொரு ஆபரேஷனா? யாராவது செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

செம்பனை லோரி, பீடோர்:

தங்கச்சி, நான் செய்துகொண்டவன்தான். முதலில் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா? குளிர் நடுக்கம்? இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதே, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குக் கொண்டு போ.

எனக்குப் பை எடுத்து இரண்டரை வருஷம் கழித்து வந்தது. முதல் நாள் ராத்திரி 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் கையில் ஊசி குத்தி, குப்புறப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். மயக்க ஊசி போட்டதும் மிஸி, அதாவது நர்ஸ், “தூங்குங்க அங்கிள்” என்றது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வந்தது தொண்டை எரிச்சல். நடுவில் முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. மறுநாள் கஞ்சி, அதற்கு மறுநாள் வீடு. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

நெஞ்சுக்காக ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவன் நான். அதை முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். நாமாக நிறுத்தக்கூடாது.

பழைய மிஸி, தைப்பிங்:

சர்ஜிக்கல் வார்டிலும் பிறகு எண்டோஸ்கோப்பி அறையிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். உன் முதல் கேள்வி நல்ல கேள்வி மகளே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பித்தத்தைச் செய்வது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம், அவ்வளவுதான். கல்லீரலிலிருந்து குடலுக்கு ஒரு குழாய் போகிறது, பை அதன் ஓரத்தில் தொங்குகிறது. பையை வெட்டி எடுத்தாலும் குழாய் இருக்கத்தானே வேண்டும்? ஆபரேஷனுக்கு முன்பே, சில சமயம் ஆபரேஷன் நடக்கும்போதே, பையில் இருந்த ஒரு சின்னக் கல் குழாய்க்குள் நழுவிப் போயிருக்கும். ஒரு தொல்லையும் தராமல் மாதக்கணக்கில் கிடக்கும். பை எடுத்து இரண்டு வருஷத்துக்குள் தெரியவருகிற கல்லைப் பெரும்பாலும் இப்படித் தங்கிப்போனது என்றுதான் கணக்கு வைப்பார்கள். அம்மாவுக்கு 14 மாதம். லோரித் தம்பிக்கு இரண்டரை வருஷம், அது குழாயிலேயே புதிதாக உண்டானதாக இருக்கலாம். பித்தம் தேங்கி, அதில் கிருமி சேர்ந்தால் தவிட்டு நிறத்தில் களிமண் மாதிரிக் கல் உருவாகும். நம் ஆசியப் பக்கத்தில் இந்த வகை அதிகம்.

வயிற்று ஸ்கேனில் குழாயின் கீழ்ப்பகுதி சரியாகத் தெரியாது, குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். அதனால் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கல்லே இல்லை என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே பித்தக்குழாயை மட்டும் படம் பிடிப்பது. கத்தியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இன்னொன்று: பை எடுத்தவர்களுக்குக் குழாய் கொஞ்சம் அகன்றிருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் ‘குழாய் விரிந்துள்ளது’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

இரண்டாவது கேள்வி. இது வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இல்லை. உள்ளே போகிற எண்டோஸ்கோப்புக்கு, அதாவது கேமரா வைத்த குழாய்க்கு, கண் நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கும். இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் போனால் சுவரில் ஒரு சின்ன மொட்டு தெரியும். பித்தக்குழாயும் கணையக் குழாயும் வந்து திறக்கிற வாய் அதுதான். அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்தால் கல் இருக்கும் இடம் சாயம் ஏறாத இடைவெளியாகத் தெரியும். மொட்டின் வாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தசையை மின்கம்பியால் சில மில்லிமீட்டர் வெட்டி அகலமாக்குவார்கள். பிறகு பலூனைக் கல்லுக்கு மேலே கொண்டு போய் ஊதி, கீழே இழுப்பார்கள். அல்லது கம்பிக் கூடையில் பிடிப்பார்கள். பெரிய கல் என்றால் கூடைக்குள்ளேயே நசுக்கி எடுப்பதும் உண்டு. வெளியே எடுத்துக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதே, குடலில் விட்டுவிடுவார்கள், அது தன் வழியில் போய்விடும்.

இந்தத் தசையை உள்ளிருந்தே வெட்டும் முறையை 1974ல் ஜெர்மனியில் கிளாஸன், டெம்லிங் இருவரும், அதே சமயத்தில் ஜப்பானில் கவாயும் செய்து காட்டினார்கள். ஆனால் நான் வார்டுக்கு வந்த காலத்தில்கூடப் பல பேருக்கு வயிற்றைத் திறந்துதான் எடுத்தோம். திறந்து, கல்லை எடுத்து, குழாய்க்குள் ‘டி’ எழுத்து மாதிரி ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைப்பார்கள். அதன் வால் வயிற்றுக்கு வெளியே வந்து ஒரு பையில் பித்தம் சொட்டிக்கொண்டிருக்கும், கோப்பையில் பால் சொட்டுகிற மாதிரி. தோட்டத்து அம்மாக்கள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு எத்தனை ராத்தல் மிஸி?” என்று கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே படுக்கையில். அதைப் பார்த்தவள் என்பதால்தான் சொல்கிறேன், இப்போதைய முறை பெரிய வரம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். முக்கியமானது கணைய அழற்சி, 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு வரும். பெரும்பாலும் சில நாளில் அடங்கும், சிலருக்குக் கடுமையாகும். அதைக் குறைக்க ஆசனவாயில் ஒரு மருந்து வைப்பார்கள், அம்மா கூச்சப்பட்டால் காரணத்தைச் சொல்லிவிடு. வெட்டிய இடத்தில் ரத்தம் கசிவது 100க்கு ஒன்றிரண்டு. குடலில் ஓட்டை விழுவது அதைவிட அபூர்வம். சம்மதப் பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்துக் கேட்கும்போது இதையெல்லாம் மலாயில் கடகடவென்று சொல்வார்கள். தமிழில் சொல்லத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேள், தயங்காதே.

செம்மோர் தாத்தா:

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மிஞ்சிய மருந்து இல்லை. மோரில் அரைத்து ஏழு நாள் வெறும் வயிற்றில். எங்கள் தோட்டத்தில் டிரெஸர் (தோட்டத்து மருந்துக்காரர்) எல்லா வயிற்று வலிக்கும் ஒரே வெள்ளைத் தண்ணீர் மருந்துதான் கொடுப்பார், நாங்கள் கீழாநெல்லியில்தான் பிழைத்தோம். எலுமிச்சைச் சாறும் ஒலிவ் எண்ணெயும் கலந்து குடித்தால் கல் விழும் என்றும் என் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பச்சைப் பச்சையாகக் கல் விழுந்த போட்டோவே இருக்கிறது.

பழைய மிஸி, தைப்பிங்:

தாத்தா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் காமாலை ஒன்றல்ல. கிருமியால் கல்லீரல் வீங்கி வருகிற காமாலை பல பேருக்குத் தானாகவே தணிந்துவிடும், அந்த ஏழு நாளில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். இந்த அம்மாவுக்கு வந்திருப்பது அடைப்புக் காமாலை. சாக்கடையில் செங்கல் விழுந்து கிடக்கும்போது மேலே என்ன தண்ணீர் ஊற்றினால் என்ன? மலம் வெளுத்துப் போவது, சிறுநீர் கறுப்பது, உடம்பெல்லாம் அரிப்பு, இவையெல்லாம் பித்தம் குடலுக்குப் போகாமல் ரத்தத்தில் ஏறுவதன் அடையாளம்.

ஒலிவ் எண்ணெய் விஷயம்: போட்டோவில் இருக்கும் அந்தப் பச்சை உருண்டைகள் கல்லே இல்லை. குடித்த எண்ணெய் குடலில் சவர்க்காரம் மாதிரித் திரண்டு வெளியே வருவது. பேரனிடம் சொல்லுங்கள்.

செம்மோர் தாத்தா:

சவர்க்காரமா? நான் போன மாதம்தான் குடித்தேன்.

கேஸ் போடு, கிள்ளான்:

இவ்வளவு பேசுகிறீர்கள், யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. முதல் ஆபரேஷன் செய்தவர் கல்லை உள்ளே விட்டுவிட்டுத் தைத்திருக்கிறார். இது அலட்சியம் இல்லையா? வழக்குப் போடுங்கள் அக்கா.

பழைய மிஸி, தைப்பிங்:

தம்பி, உள்ளே துணியை விட்டுத் தைப்பது வேறு, இது வேறு. ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிரூபினும் கல்லீரல் என்சைம்களும் சரியாக இருந்து, ஸ்கேனில் குழாய் அகலாமல் இருந்தால், குழாயில் கல் இருக்கும் என்று சந்தேகிக்கக் காரணமே இல்லை. எல்லாருக்கும் எம்.ஆர்.சி.பி. எடுக்க முடியாது. ஆனால் அப்போதே அந்த எண்கள் ஏறியிருந்து, யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் கேட்கத்தான் வேண்டும். பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் அலட்சியம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. எனக்கு இதில் வருத்தமெல்லாம் அந்த மூன்று வாரக் கேஸ்ட்ரிக் மருந்து மேல்தான். பை எடுத்தவர் அதே பழைய வலி என்று வந்தால், ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்த்திருக்கலாம்.

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:

லோரி அண்ணே, உங்கள் முதல் வரிக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். இரண்டு கம்பளி போட்டும் நிற்கவில்லை. நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. விடியட்டும் என்று அப்பா சொன்னதைக் கேட்காமல் காரில் ஏற்றினேன். இங்கேயே ஊசி, டிரிப் எல்லாம் ஏற்றி, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் என்னைப் பார்த்து, “பெரட்டுக்கு நேரமாச்சா?” என்று கேட்டார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது. பால் வெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்கு உயிரே இல்லை.

பழைய மிஸி, தைப்பிங்:

நல்ல வேலை செய்தாய். வலி, காய்ச்சல், காமாலை மூன்றும் சேர்ந்தால் குழாயில் கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம். வயதானவர்களுக்கு இப்படிப் பேச்சுக் குழம்புவதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் இன்னும் மோசமான அறிகுறி. கிருமி மருந்து மட்டும் போதாது, அடைப்பைத் திறந்து வடித்தாக வேண்டும். இனி அவர்கள் தேதி பார்க்கமாட்டார்கள். எங்களுக்கு எழுதிக்கொண்டிரு.

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:

வெள்ளிக்கிழமை மத்தியானமே செய்துவிட்டார்கள். சீழ் கலந்த பித்தம் வந்ததாம். அந்த நிலைமையில் ரொம்ப நேரம் உள்ளே வேலை செய்ய வேண்டாம் என்று, குழாயின் வாயை மட்டும் வெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சின்னக் குழாய்) வைத்து வடியவிட்டிருக்கிறார்கள். கல் இன்னும் உள்ளேதான். பெரியது 9 மில்லிமீட்டர். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் மலாய்ப் பாட்டியிடம் கோழிக் குழம்பு வைக்கும் முறை சொல்லிக்கொண்டிருந்தார், பாதி தமிழில்.

டாக்டர் படம் வரைந்து பலூன் விஷயத்தை விளக்கினார். அம்மா கேட்டுவிட்டு, “இது ஒட்டுப்பால் மாதிரிதான். வெட்டின கோட்டுல காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை இழுத்துப் போட்டாத்தான் மறுநாள் பால் ஓடும்” என்றார். நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தாத்தாவும் மரம் வெட்டியவராம்.

கங்சார் மருமகன், கோலகங்சார்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஸ்டென்ட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமனாருக்கும் இதே மாதிரி பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து, இரண்டு மாதத்தில் வரச் சொல்லி கார்டு கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டம் வீடமைப்புக் கம்பெனிக்குக் கை மாறி, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்து மூன்று குடும்பம் மூன்று திசையில் போனோம். கார்டு எந்த மூட்டையில் போனதோ. மருத்துவமனையில் இருந்த போன் நம்பரும் பழையது. மாமாவுக்கு வலி இல்லை, மஞ்சள் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார். நாங்கள் மறந்தேவிட்டோம்.

11 மாதம் கழித்து லயத்துப்பொண்ணு எழுதிய அதே குளிர் நடுக்கம். ஸ்டென்ட் முழுக்க அடைத்து, அதைச் சுற்றியே புதிதாகக் கல் கட்டியிருந்தது. ஐ.சி.யு.வில் ஒன்பது நாள். பிழைத்தார், ஆனால் பழைய ஆள் இல்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கார்டை வைத்திருந்தவன் நான்தான்.

செம்மோர் தாத்தா:

எங்கள் தோட்டத்தையும் விற்றார்கள் ஐயா. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தோட்டத்தை வாங்கியபோது பணம் கட்டியவர்கள் தப்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அன்றைக்குக் கங்காணி…

நிர்வாகி:

தாத்தா, அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள், எல்லாரும் படிப்போம். இங்கே மருத்துவம் மட்டும்.

பழைய மிஸி, தைப்பிங்:

கங்சார் தம்பி, நீ எழுதியது நல்லதாயிற்று. ஸ்டென்ட் வைத்ததும் வலி போய்விடும், அதனால்தான் ஆட்கள் வராமல் விடுகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரம் இல்லை. வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். லயத்துப்பொண்ணே, ஸ்டென்ட் வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் போனில் போடு, காலண்டரில் எழுது, அப்பாவிடமும் சொல். மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்காதே. தேதி தாண்டினால் நீயே போய்க் கேள்.

செம்பனை லோரி, பீடோர்:

எங்கள் வீட்டில் தேதியைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள் பெண்டாட்டி. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம் என்ற சீட்டுக்குப் பக்கத்தில்.

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:

ஏழு வாரம் ஆகிவிட்டது, ஆறாவது வாரம் படுக்கை கிடைக்கவில்லை. மிஸி சொன்ன மாதிரி மறுநாளே நேரில் போய் நின்றேன், அடுத்த தேதி கொடுத்தார்கள். நேற்று செய்தார்கள். ஸ்டென்ட்டை எடுத்து, வாயைப் பலூனால் இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, ஒரு கல்லைக் கூடையில் பிடித்து, மற்றதைப் பலூனால் இழுத்துவிட்டார்கள். கடைசியில் சாயம் விட்டுப் பார்த்ததில் குழாய் சுத்தம். ராத்திரி மேல்வயிற்றில் வலித்தது, கணையமோ என்று பயந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டு அம்மா முதலில் கேட்டது, “எத்தனை எடுத்தாங்க?” ரெண்டு என்றேன். “அப்ப மிச்சம் எட்டு?” என்கிறார். வேண்டுமென்றேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். வாய் வெட்டியது மறுபடி மூடிக்கொள்ளுமா? இனிமேல் கல் வரவே வராதா?

பழைய மிஸி, தைப்பிங்:

வெட்டியது பெரும்பாலும் திறந்தே இருக்கும், பித்தம் சுலபமாக இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. கல் வரவே வராது என்று எழுதித் தரமாட்டேன். சிலருக்குத் திரும்ப வருகிறது, குழாய் ரொம்ப அகன்றுபோனவர்களுக்கு அதிகம். வலியோ, காய்ச்சலோ, கண் மஞ்சளோ வந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: பித்தப்பை எடுத்தாயிற்று, ஈ.ஆர்.சி.பி. செய்தாயிற்று என்று. டிஸ்சார்ஜ் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வை. சிக்கலான கல் என்றால் கோலாலம்பூர் பக்கத்தில் உள்ள சிலாயாங் மருத்துவமனை வரைக்கும் அனுப்புவார்கள், அங்கே கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. அப்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

லயத்துப்பொண்ணு, சுங்கை சிப்புட்:

மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன் மிஸி. ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம். மூன்றாவதை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளோடு.

கங்சார் மருமகன், கோலகங்சார்:

சாமி படம் வேண்டாம் அக்கா, வீடு மாறும்போது அதைத்தான் முதலில் துணியில் சுற்றிக் கட்டுவோம். எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள்.